சும்மா மலை ஏறுகிற சம்பந்தி

இத்தாலியில் பலேர்மோ நகரத்துக் கல்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில், எசமானி சின்யோராவின் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் வாய் தவறி உரக்க “ஷீ” என்று சொல்லிவிட்டேன். காதில் செருகியிருந்த கைபேசியின் நோர்வே மொழிப் பாடக் குரல்தான் அப்படிச் சொல்லச் சொன்னது. சொன்னால்தான் அடுத்த சொல்லுக்குப் போக விடும். நம்மவர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் நான் எதையோ கண்டு அருவருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சாய்வு நாற்காலியில் இருந்த சின்யோராவுக்கோ அந்தச் சொல் நன்றாகவே விளங்கியது. நோர்வே மொழியில் பனிச்சறுக்குக்கு என்ன சொல்லோ, இத்தாலிய மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தானாம். “தானோ, நீயா? பனிச்சறுக்கா?” என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். தவராசா என்ற என் பெயர் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே தானோ ஆகிவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான் பதறிப்போய் “சி, சின்யோரா” என்றேன். ஆமாம், அந்தச் சொல்லைத்தான் சொன்னேன் என்பது என் கருத்து. ஆமாம், போகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். என் முழங்காலை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். வேலை முடித்து நான் படி இறங்கும்போது கட்டடம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. வாசல்காவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எலும்பு முறிந்தால் தனக்குத் தெரிந்த நல்ல வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

விஷயம் இதுதான். எங்களுக்கு இருப்பது ஒரே மகள். பிள்ளை இல்லாமல் பல வருடம் இருந்த பிறகு, பலேர்மோவின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து என் மனைவி பத்மா பெற்ற பிள்ளை. எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாரும் முருகனும் இருக்கிறார்கள். ஆனாலும் பெண்ணுக்குப் பெயர் ரொசாலி. இங்கே தமிழ் வீடுகளில் இது புதினமே இல்லை. ரொசாலி தாதியாகப் படித்து வேலையும் செய்கிறாள். ஜெர்மனியில் ஒரு சொந்தக்காரரின் கலியாணத்தில் அகிலன் என்ற பெடியனைச் சந்தித்தாள். அவன் நோர்வேயில் பிறந்து வளர்ந்து, அங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி படிப்பிக்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அவனுடைய தாய் தகப்பனுக்குச் சம்மதம், பத்மாவுக்குச் சம்மதம், சாதகத்துக்கும் சம்மதம். மிச்சம் இருந்தது என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு ஓம் மட்டும்தான். பெடியனில் குறை ஒன்றும் இல்லை. கலியாணம் நடந்தால் மகள் அந்த நாட்டுக்குப் போய்விடுவாள் என்பதுதான் குறை. அவள் போனால் வீட்டில் நானும் பத்மாவும் சாமித்தட்டும்தான். எனக்குப் பயமாக இருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் “பிறகு சொல்லுறன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெரிய வெள்ளிக்குப் பிறகு சம்பந்திக் குடும்பம் பலேர்மோவுக்கு வருவதாக இருந்தது. அவர்கள் வாயில் வரும் தமிழில் பாதி நோர்வே மொழி என்று ரொசாலி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். மரியாதைக்கு நாலு சொல் படித்து வைப்போம் என்று கைபேசியில் அந்தப் பாடத்தை இறக்கினேன். பத்மா அதை நம்பவில்லை. “நீங்கள் குத்தம் பிடிக்கத்தான் படிக்கிறியள்” என்றாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு நாட்டை நேரில் போய்ப் பார்க்க வசதி இல்லாதவன், அந்த நாட்டின் சொற்களையாவது தட்டிப் பார்க்கலாம்தானே. முதலில் எதைப் பற்றிப் படிக்க விருப்பம் என்று படங்களைக் காட்டினார்கள். அதில் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. கடைத்தெரு, சாமான் வாங்குவது என்று நினைத்து அதை அமத்தினேன். அது விளையாட்டும் வெளிப்புற வாழ்க்கையும் என்ற பகுதி. திரும்பி வரும் வழி எனக்குத் தெரியவில்லை. இதனால் இன்றைக்கும் எனக்கு நோர்வே மொழியில் உப்புக் கேட்கத் தெரியாது, சுகமா என்று விசாரிக்கத் தெரியாது. ஆனால் என்னுடைய பனிச்சறுக்குத் தடி முறிந்துவிட்டது என்பதைத் தெளிவாகச் சொல்வேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மொழி நம்முடைய காதுக்கு வைத்த கண்ணி. பந்துக்கு அவர்கள் சொல்வது பல். ஒரு சிறுமி பல்லை எறிகிறாள், ஒரு பையன் பல்லைப் பிடிக்கிறான் என்று என் கைபேசி காலை முழுக்கச் சொல்லும். முதுகில் போடும் பைக்குப் பெயர் செக். சைக்கிளுக்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? சிக்கல். சத்தியமாகச் சிக்கல்தான். கொஞ்சம் உதட்டைக் குவித்துச் சொன்னால் இன்னும் சரியாக வரும். எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, என் சிக்கல் பழையது, என் மகளுக்குப் புதிய சிக்கல் வேண்டும் என்று நான் பஸ்ஸில் இருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் படாத காலத்தில் வளர்ந்தவனுக்கு இந்தச் சொல் பிழையாகவே படவில்லை. அப்போது எல்லாமே சைக்கிளில்தான். விறகு, வெங்காய மூட்டை, ஆசுப்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி, சிலவேளை பிரேதமும். நான் கரியரில் மண்ணெண்ணெய்க் கான் கட்டிக்கொண்டு, மேலே விமானம் இரைந்தால் வாழைத் தோட்டத்துக்குள் சைக்கிளோடு விழுந்து, எழும்பி மிதித்தவன். பிறகு சண்டை நெருங்கி யாழ்ப்பாணம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் மழையில் நடந்தேன். அந்த நேரம் யாராவது குறுக்கே வந்து, தம்பி நீர் வாழ்வது சுறுசுறுப்பான வெளிப்புற வாழ்க்கை, இருதயத்துக்கு மிகவும் நல்லது என்று சொல்லியிருந்தால் கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நோர்வேக்காரருக்கு இதற்கென்றே ஒரு நீளமான சொல் இருக்கிறது. ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ். கட்டற்ற காற்றில் வாழ்வது என்று அர்த்தம். நாங்கள் இருபது வயதுக்குள் வேண்டிய அளவு அனுபவித்துவிட்டு, இனிப் போதும் என்று ஓடி வந்தது அந்த வாழ்க்கையிலிருந்துதான். அந்த வாழ்க்கையின் மையத்தில் இருப்பது இன்னொரு சின்னச் சொல், தூர். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் அகிலனின் தகப்பன் சிவநேசன் அண்ணை. என்னிலும் நாலைந்து வயது மூத்தவர், தீவுப்பகுதியைச் சேர்ந்தவர், பெடியனாகவே நோர்வேக்குப் போனவர். சம்பந்தி முறைக்கு முதன்முதல் தொலைபேசியில் கதைத்தபோது, கதைக்க ஒன்றும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டுவைத்தேன்.

“தூர் போனனாங்கள்” என்றார். எனக்கு அது ‘தூரப் போனனாங்கள்’ என்று கேட்டது.

“எவ்வளவு தூரம் அண்ணை?”

“மலைக்கு மேலை மட்டும்.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“கோயில் ஏதும்?”

“இல்லைத் தம்பி. கல்லும் காத்தும்தான்.”

“அப்ப என்னத்துக்குப் போனனீங்கள்?”

“சும்மா. ஏறித் தோடம்பழம் சாப்பிட்டிட்டு இறங்கினனாங்கள். நல்ல மழை.”

தூர் என்றால் காடு மலை என்று நடந்துவிட்டு வருவதாம். தொலைபேசியை வைத்துவிட்டுப் பத்மாவிடம் போனேன். ஒருவரும் இல்லாத இடத்துக்கு மழையில் நடந்து போய்த் தோடம்பழம் தின்றுவிட்டு வருகிற குடும்பத்துக்கா பெண்ணைக் கொடுக்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். “தோடம்பழம் உடம்புக்கு நல்லதுதானே” என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை உரித்தாள். தாளிக்கிற நேரத்தில் அவளோடு வாதாடி வென்றதாகச் சரித்திரம் இல்லை.

இன்னொரு நாள் அகிலனோடு கதைக்கலாமா என்று கேட்டேன். “அவனுக்கு இண்டைக்குக் காம்ப்” என்றார் சிவநேசன் அண்ணை. எங்களுக்குக் காம்ப் என்றால் ஆமிக்காரர் ஆளைப் பிடித்து அடைக்கிற முகாம். “எந்தக் காம்ப்? ஆர் பிடிச்சது?” என்று கேட்டுவிட்டேன். பிறகு அவர் பெரிதாகச் சிரித்தார். அங்கே காம்ப் என்றால் விளையாட்டுப் போட்டியாம். அகிலன் உதைபந்தாட்டம் ஆடப் போயிருக்கிறானாம். நானும் சிரித்தேன். சிரிப்பு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நின்றுபோனது. “எனக்கும் முதல் முதல் அப்பிடித்தான் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்து நாளைக்குக் காம்ப் எண்டு சொன்னான். நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை” என்றார். அந்த மனிதரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதை நான் பத்மாவிடம் சொல்லவில்லை.

பலேர்மோவில் வாழ்பவனுக்கு இந்த நடைப் பித்தை விளங்கிக்கொள்வது கஷ்டம். இங்கே நடப்பவன் என்றால் காரில்லாதவன், அல்லது காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்தவன். மாலையில் உடுத்திக்கொண்டு தெருவில் உலாவுவார்கள்தான், ஆனால் அது நாலு பேர் பார்ப்பதற்கு. மற்றபடி இவர்களுக்கு வெளிப்புற வாழ்க்கை என்றால் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருப்பது. கோடையில் அந்த நாற்காலி மொண்டெல்லோக் கடற்கரைக்கு இடம் மாறும். நான் இங்கே வந்த புதிதில் அந்தக் கடற்கரையில்தான் வேலை செய்தேன். குடை நடுவது, சாய்கதிரை விரிப்பது, பின்னேரம் மடித்து அடுக்குவது. மணல் காலைச் சுடும். ஆயிரம் பேர் படுத்திருக்கும் கடற்கரையில் ஓடியாடித் திரிந்தவர்கள் நாங்கள் சில தமிழரும் வங்காளிகளும் மட்டும்தான். கைபேசிப் பாடத்தில், வெளியில் நேரம் செலவழிக்க உமக்கு விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று அமத்தினால்தான் அதற்குச் சரி.

ஆனால் நானும் ஒரு மலை ஏறுகிறவன்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்தின் வடக்கே மொந்தே பெல்லக்ரீனோ மலை நிற்கிறது. அதன் மேலே ஒரு குகை, குகைக்குள் கோயில், கோயிலுக்குள் சாந்தா ரொசாலியா. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் சனம் அங்கே போகும். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அந்தப் படியில் இல்லை. நானும் பத்மாவும் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறுவோம். இந்தச் சம்பந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை. பத்மா ஏறியது கலியாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று. நான் ஏறியது எப்படியாவது தட்டிப்போக வேண்டும் என்று. ஒரே பாதை, ஒரே முள், ஒரே மெழுகுதிரிக் கட்டு. மேலே போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒரே அம்மாவிடம் எதிரும் புதிருமாகக் கேட்டுவிட்டு, ஒற்றுமையான தம்பதி போல இறங்கி வருவோம். எந்த மனுவை முதலில் எடுப்பது என்று அந்த அம்மா பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். சிவநேசன் அண்ணை, அவர் மனைவி வசந்தி அக்கா, அகிலன். கலியாணம் பேச வருகிறவர்கள் பட்டுச் சேலையும் பலகாரமும் கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், மூன்று பேரும் மலையேறும் சப்பாத்தோடு வந்தார்கள். பத்மா இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்து மேசையை நிறைத்திருந்தாள். நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது வசந்தி அக்கா மகனைக் காட்டிப் பெருமையாக, “இவன் சின்னனிலை எப்பவும் ஊதெ” என்றார். பத்மா அவரைத் தேற்றினாள். “எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் அக்கா. முழுக வார்த்தால் சரி.” பிறகுதான் ரொசாலி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். அங்கே ஊதெ என்றால் வெளியில் என்று அர்த்தம். பிள்ளை எப்போதும் வெளியில் விளையாடுவான், அதாவது நல்ல பிள்ளை. எங்கள் காதில் விழுந்ததோ ஊத்தை.

சாப்பாட்டுக்குப் பிறகு சிவநேசன் அண்ணை கைபேசியில் தங்கள் ஹித்தெயைக் காட்டினார். காட்டுக்குள் ஒரு மரக்குடில். வங்கியில் கடன் வாங்கிக் கட்டியதாம். “தண்ணி?” என்று கேட்டேன். ஓடையில் அள்ள வேண்டும். “கறண்ட்?” இல்லை, மெழுகுதிரி. “கக்கூசு?” வெளியில் தனியாக ஒரு மரப்பெட்டி. அதற்குப் பெயர் ஊதெடூ என்றார். அந்தப் பெயர் மட்டும் எனக்கு விளக்கம் இல்லாமலே விளங்கியது. தென்மராட்சியில் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த கொட்டிலும் இதே அமைப்புத்தான். கூரை மட்டும் தறப்பாள். அதை விட்டு வெளியேற நாங்கள் தலைகீழாக நின்றோம். இவர் நாலு நாடு கடந்து போய், படித்து உழைத்து வரி கட்டி, கடைசியில் அதே கொட்டிலைக் கடன்பட்டுக் கட்டியிருக்கிறார். “வடிவாயிருக்கு அண்ணை” என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது அகிலன் என்னைப் பார்த்து, “மாமா, நீ நாளைக்கு எங்களோடை தூர் வாறியா?” என்றான். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் மாமனாரை நீ என்கிறான். சிவநேசன் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. “தம்பி குறை நினையாதையும். அங்கை ராசாவுக்கும் நீ, நாய்க்கும் நீ. ஒரு சொல்லுத்தான் இருக்குது” என்று மன்றாடினார். இவ்வளவு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த குற்றம் இதோ கிடைத்துவிட்டது. மரியாதை தெரியாத பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெடியன் என்ன பிழை விட்டோம் என்று தெரியாமல் ரொசாலியைப் பார்த்த பார்வை என் வாயைக் கட்டிப்போட்டது. “வாறன். நாளைக்கு ஞாயிறு. நாங்களும் மலைக்குத்தான் போறனாங்கள்” என்றேன். சிவநேசன் அண்ணைக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. “நீங்களும் தூர் போறனீங்களோ! சொல்லவே இல்லை” என்றார். இது தூர் இல்லை என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை.

காலையில் அடிவாரத்தில் எங்களைப் பார்த்தவர்கள் இரண்டு வேறு வேலைக்குப் போகும் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். நானும் பத்மாவும் ரொசாலியும் வெறுங்கால். பத்மா கையில் பூவும் மெழுகுதிரியும். அவர்கள் கையில் தடி, முதுகில் செக், செக்குக்குள் சுடுதண்ணிப் போத்தல், பாண், தோடம்பழம். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ரொசாலியும் அகிலனும் முன்னால் போய்விட்டார்கள். சிவநேசன் அண்ணை எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் “ஹை” என்றார். பலேர்மோவில் தெரியாதவருக்கு வணக்கம் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. சொன்னால் நின்று கதைக்க வேண்டும். ஒரு கிழவர் நின்றுவிட்டார். கப்பலில் வந்த உல்லாசப் பயணிகளா என்று என்னைக் கேட்டார். நோர்வே என்றேன். அவர் சிவநேசன் அண்ணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோர்வேயில் வெயில் இவ்வளவு கடுமையா என்று கேட்டார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், உங்களுக்கு நல்ல உடம்பு என்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

பாதித் தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நானும் சிவநேசன் அண்ணையும் பாதையோர மதிலில் குந்தினோம். பத்மாவும் வசந்தி அக்காவும் எங்களை விட்டுவிட்டு நடந்தார்கள். கீழே துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, ஒருத்தரும் இல்லாத மலைக்கு ஏன் போறனீங்கள்?” என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் தடியின் நுனியால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நான் போன புதிசிலை வடக்கிலை ஒரு மீன் பக்டரியிலை வேலை. தெருவிலை ஒருத்தரும் முகம் பாராயினம். பஸ்ஸிலை பக்கத்திலை இராயினம். ஒருநாள் விசர் பிடிச்சமாதிரி ஊருக்குப் பின்னாலை கிடந்த மலையிலை ஏறினன். எதிரை ஒரு மனிசி வந்தா. ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை என்னைக் காணாத மாதிரி இருக்கிற அதே மனிசி. மலையிலை என்னைக் கண்டு ஹை எண்டா. சிரிச்சா. அங்கை அப்பிடித்தான் தம்பி, ஊருக்குள்ளை தெரியாத சனத்தை மலையிலை தெரியும். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏறினன்.”

“அந்த ஹை கேக்கவோ?”

“ஓம். வேறை என்னத்துக்கு? சும்மா எண்டு சொல்லுறது மரியாதைக்கு.”

எனக்கு அவர் தோளில் கை போட வேண்டும் போல இருந்தது. இவ்வளவு காலமும் நான் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சும்மாவுக்குள் ஒரு மனிதன் தனியாக நடந்து போயிருக்கிறான். ஆனால் மகள் நினைவு வந்து கையை நிறுத்தியது. இப்படிப்பட்ட ஊருக்கா என் பிள்ளை போகப் போகிறாள்? பலேர்மோவில் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பத்துப் பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு ஹை கேட்க மலை ஏற வேண்டும்.

குகைக் கோயிலுக்குள் நுழையும்போது மற்றவர்கள் ஏற்கெனவே உள்ளே நின்றார்கள். மேற்பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் பொன்னுடுப்போடு சாந்தா ரொசாலியா சாய்ந்து கிடந்தார். பத்மா மெழுகுதிரி கொளுத்தினாள். சிவநேசன் அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டு, மெல்லிய குரலில், “அப்ப நீங்கள் தூர் வாறேல்லை. நேர்த்திக்கு வாறனீங்கள்” என்றார். பத்மா ஒளிக்கத் தெரியாதவள். “ஓம் அண்ணை. பிள்ளையின்ரை கலியாணம் நடக்க வேணும் எண்டு” என்றாள். ரொசாலி என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் என்ன கேட்டனீங்கள் அப்பா?” நான் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தேன். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. கண் கலங்கியது.

அப்போதுதான் நிலத்தில் ஈரத்தோடு கலந்து சிவப்பாக ஒன்றைக் கண்டேன். அகிலன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். அவன் சப்பாத்து இரண்டும் நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கின. எந்த வளைவில் கழற்றினானோ தெரியாது, மிச்சப் பாதை முழுக்க வெறுங்காலோடு ஏறியிருக்கிறான். தடித்த காலுறைக்குள் வளர்ந்த கால் அது. பாதம் முழுக்கக் கொப்புளம், பெருவிரல் கிழிந்திருந்தது.

“என்னத்துக்குத் தம்பி?” என்றேன்.

“ரொசாலி சொன்னா, செருப்பில்லாமல் ஏறினால் கேட்டது கிடைக்குமெண்டு.”

“என்ன கேட்டனீர்?”

பெடியன் என்னை நேராகப் பார்த்தான். “உன்ரை ஓம், மாமா” என்றான்.

உன்ரை. அந்த நேரத்தில் அதைத் திருத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாயில் கிடக்கும் ஒரு சொல்லுக்காக மூன்று பேர் காலைக் கிழித்துக்கொண்டு மலை ஏற, நான் அதைத் தரக்கூடாது என்று நாலாவது ஆளாக ஏறியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கும் இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? குனிந்து என் சால்வையைக் கிழித்து அவன் பெருவிரலைக் கட்டினேன். “இந்தக் காலோடை எப்பிடி நீர் அங்கை பிள்ளையளுக்கு ஓடப் பழக்கப் போறீர்? கலியாணத்துக்கு முதல் இது மாற வேணும்” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. ரொசாலியை ஏக்கமாகப் பார்த்தான். பத்மாதான் மொழிபெயர்த்தாள். “அது ஓம், தம்பி. இவர் ஓம் சொல்லுறது இப்பிடித்தான்.” ரொசாலி என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். பூ விற்கிற சிசிலிப் பெண் ஒருத்தி, என்ன ஏது என்று கேட்காமலே எங்களோடு சேர்ந்து அழுதாள். இந்த ஊரில் அந்த உதவி எப்போதும் கிடைக்கும்.

இதை எழுதும்போது ரொசாலி நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சின்யோரா இன்னமும் அவளுக்குப் பனிச்சறுக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். வரவில்லை, விழுந்து எழும்புவதில் மட்டும் நல்ல தேர்ச்சி. எனக்கு முழங்கால் மலை ஏற முற்றாக மறுத்துவிட்டது. பத்மா தனியாக மலைக்குப் போகிறாள். நான் ஞாயிறு காலையில் சமையலறையில் கைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு மகள் எடுக்கும் வரை காத்திருப்பேன். இந்தக் கிழமை அவள் ஒரு மலை உச்சியிலிருந்து எடுத்தாள். தனியாக ஏறியிருக்கிறாள். மழைச் சட்டை, செக், எல்லாம் அவர்கள் மாதிரித்தான். பின்னால் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு குவியல். வழிப்போக்கர் ஆளுக்கொரு கல் வைப்பார்களாம். திரையின் ஓரத்தில் இரண்டு வெள்ளைக்காரர் கையசைத்து “கூ தூர்” என்று வாழ்த்திக்கொண்டு இறங்கினார்கள். நல்ல நடை அமையட்டும் என்று அர்த்தம்.

“அவையள் நான் தூர் வந்தனான் எண்டு நினைக்கினம் அப்பா” என்றாள். பிறகு கைபேசியைக் கல்லில் சாத்தி வைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கையைக் கூப்பப் போனவள் நிறுத்திவிட்டு, சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி முகில்.

“அப்பா, இஞ்சை இருந்து பலேர்மோ எந்தப் பக்கம்?”

எனக்கு என்ன தெரியும்? அவள் போன பக்கம்தான் தெரியும். சமையலறை யன்னலால் கடல் கிடக்கும் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். அவள் திரையில் என் கையைப் பார்த்து, அது காட்டிய பக்கம் திரும்பி நின்று கும்பிட்டாள். அந்தப் பக்கம் நாங்கள் இருந்தோமா, வட துருவம் இருந்ததா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் நீட்டிய கையை இறக்காமல் வைத்திருந்தேன்.